வெளிநாட்டு ஏழைக் குழந்தைக்கு ஸ்பான்சராக இருப்பது: புகைப்படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கை வரவில்லை

நீலவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டில் வறிய குடும்பமொன்றில் பிறந்த ஒரு சிறு குழந்தைக்கு மாதந்தோறும் உதவித்தொகை அனுப்பலாம் என்று நானும் என் கணவரும் சில மாதங்களாகப் பேசி வருகிறோம். எங்கள் மகள் படிப்பை முடித்து வேலைக்குச் சென்றுவிட்டாள். அவளுடைய படிப்புக்காக ஒதுக்கி வந்த தொகையில் ஒரு பகுதியை இன்னொரு குழந்தைக்குத் தரக்கூடிய நிலை எங்களுக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

சென்ற வாரம் ஒரு தொண்டு நிறுவனத்தின் பட்டியலைத் திறந்து பார்த்தோம். நாடு, வயது, ஆணா பெண்ணா என்று வகைபிரித்து நூற்றுக்கணக்கான குழந்தைகளின் முகங்கள் வரிசையாக இருந்தன. 5 வயதுச் சிறுமி ஒருத்தியின் முகத்தில் என் கண் நின்றுவிட்டது. அவளையே எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிய அதே நொடியில், அவளுக்கு அடுத்த படத்தில் இருந்த சிறுவன் என்ன குறை செய்தான் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு மேல் என்னால் தொடர முடியவில்லை.

இதில் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன். நாம் அனுப்பும் பணம் உண்மையில் அந்தக் குழந்தைக்குப் பயன்படுகிறதா? எத்தனை ஆண்டுகளுக்கு நாம் பொறுப்பேற்கிறோம்? எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. முகம் தெரியாத ஒருத்தி தன் பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்புகிறாள் என்பதை அந்தக் குழந்தையின் தாய் எப்படி எடுத்துக்கொள்வாள்?

---

பழைய கணக்கர் எழுதியது:

அம்மா, நான் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் தொண்டு நிறுவனங்கள் பலவற்றின் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விகளில் பணத்தைப் பற்றியதற்கு மட்டுமே பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்பதால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பெரும்பாலான திட்டங்களில், குழந்தையின் பெயரில் நீங்கள் அனுப்பும் தொகை அந்தக் குழந்தையின் கையிலோ பெற்றோரின் கையிலோ கொடுக்கப்படுவதில்லை. வேர்ல்டு விஷன், பிளான் இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்களில் ஒரு வட்டாரத்தைச் சேர்ந்த எல்லாக் குழந்தைகளுக்காகவும் வரும் தொகை ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, குடிநீர், பள்ளி, தாய்சேய் நலம், பெற்றோரின் வருவாய்க்கான பயிற்சி என அந்த வட்டாரத்திற்கே செலவிடப்படுகிறது. உங்களுடன் கடிதம் எழுதும் குழந்தை அந்த ஊரின் முகமாக இருக்கிறது. கம்பேஷன் இன்டர்நேஷனலின் முறை வேறு. அங்கே உள்ளூர்த் தேவாலயம் நடத்தும் மையத்தில் குழந்தை பெயர் பதிந்து சேர்க்கப்பட்டு, பள்ளிக் கட்டணம், சீருடை, மருத்துவம், மாலை நேர வகுப்பு ஆகியவை அந்தக் குழந்தைக்கென்றே வழங்கப்படுகின்றன. எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்களில், பெற்றோரின் பராமரிப்பை இழந்த குழந்தைகள் ஒரு வளர்ப்புத் தாயுடன் வீடுகளில் வாழ்கிறார்கள். ஒரு குழந்தைக்குப் பல ஆதரவாளர்கள் இருப்பதும் அங்கே வழக்கம்தான்.

இவற்றில் எது மேல், எது கீழ் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு முறையை இன்னொன்றாக எண்ணிக்கொண்டு பணம் அனுப்பிவிட்டுப் பிறகு ஏமாற்றப்பட்டதாக வருந்துபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனவே "என் தொகை இந்தக் குழந்தைக்கென்றே செலவாகிறதா, வட்டாரத்திற்குப் பொதுவாகச் செலவாகிறதா?" என்று எழுத்தில் கேளுங்கள். நேர்மையான நிறுவனம் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லும். தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.

நிர்வாகச் செலவு குறைவாக இருக்கும் நிறுவனமே சிறந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. வீடு வீடாகச் சென்று குழந்தையைப் பார்த்து வரும் பணியாளர், கடிதத்தை மொழிபெயர்ப்பவர், குழந்தைப் பாதுகாப்பு அதிகாரி ஆகியோருக்கான செலவைச் சுருக்கிக்கொண்டு அந்த விழுக்காட்டை அழகாகக் காட்ட முடியும். அதனால் பாதிக்கப்படுவது குழந்தைதான்.

---

மலைப்பாதை எழுதியது:

மதிப்பிற்குரிய நீலவானம் அவர்களே, அந்தப் படத்தின் முன்னால் உங்களுக்கு ஏற்பட்ட தயக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். கிராமப்புற வளர்ச்சிப் பணியில் பல ஆண்டுகள் களத்தில் இருந்தவன் என்ற முறையில், அந்தத் தயக்கத்திற்கு நீங்கள் செவிசாய்க்க வேண்டும் என்றே சொல்வேன்.

இந்த முறை எப்படித் தோன்றியது என்பதைக் கவனியுங்கள். முதல் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவில் பசியால் வாடிய குழந்தைகளுக்காக எக்லன்டைன் ஜெப், தம் சகோதரி டாரத்தி பக்ஸ்டனுடன் சேர்ந்து 1919-இல் சேவ் த சில்ட்ரன் அமைப்பைத் தொடங்கினார். 1937-இல் ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் சிக்கிய குழந்தைகளுக்காக ஜான் லாங்டன்-டேவிஸ் என்ற பத்திரிகையாளர் தொடங்கிய திட்டமே பின்னாளில் பிளான் இன்டர்நேஷனல் ஆனது. கொரியப் போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 1950-களின் தொடக்கத்தில் வேர்ல்டு விஷனும் கம்பேஷனும் இதே வழியைப் பின்பற்றின. ஆதரிக்க எவருமே இல்லாத குழந்தைகளுக்காகப் போர்க்காலத்தில் வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் இன்று பட்டியலில் இருக்கும் குழந்தைகளில் மிகப் பலருக்குத் தாயும் தந்தையும் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது வருமானம். அப்படிப்பட்ட குடும்பத்திற்குள் நாம் ஒரு பிள்ளையை மட்டும் தனியே பிரித்தெடுத்து உதவுகிறோம். மூத்தவனுக்குப் புதுப் பையும் காலணியும் வரும்போது, வெறுங்காலுடன் நிற்கும் இளையவளுக்கு அந்தத் தாய் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

இந்தக் கேள்வியை எழுப்பும் முதல் ஆள் நான் இல்லை. 1982-ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய மாத இதழ் ஒன்று, இந்தக் குழந்தைக்கு ஸ்பான்சர் ஆகாதீர்கள் என்ற வேண்டுகோளையே அட்டையில் அச்சிட்டு விவாதத்தைத் தொடங்கியது. சிகாகோ டிரிப்யூன் நாளிதழின் பணியாளர்கள் 4 பெரிய நிறுவனங்களின் வழியாக 12 குழந்தைகளுக்குத் தாங்களே ஆதரவாளர்களாகச் சேர்ந்து, பிறகு அந்தக் குழந்தைகளை நேரில் தேடிச் சென்று, கண்டதை 1998-இல் செய்தியாக வெளியிட்டார்கள். அவர்களில் மாலி நாட்டைச் சேர்ந்த ஒரு சிறுமி இறந்து நெடுநாள் ஆகியிருந்தும், அவள் பெயரில் பணம் பெறப்பட்டு வந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவு, பிள்ளையை வளர்க்கும் முதன்மைப் பொறுப்பு பெற்றோருடையது என்றும், அதை நிறைவேற்ற அவர்களுக்கு அரசு துணைநிற்க வேண்டும் என்றும் கூறுகிறது. பெற்றோரின் கையை வலுப்படுத்துவதுதான் உதவி என்பது என் கருத்து. பள்ளி முழுவதற்கும் பயன்படும் பணிக்கு அதே தொகையைக் கொடுங்கள். மேற்குக் கென்யாவின் 75 பள்ளிகளில் 1998 முதல் குடற்புழு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில், மாணவர்கள் பள்ளிக்கு வராமல் இருப்பது ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. அதற்கு எந்தக் குழந்தையின் படத்தையும் எவரிடமும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

---

எழில் எழுதியது:

மலைப்பாதை அவர்களின் வாதம் வலுவானதுதான். ஆயினும் எனக்கு ஓர் ஐயம். ஒரு பள்ளிக்கோ ஒரு மாத்திரைத் திட்டத்திற்கோ 12 ஆண்டுகள் இடைவிடாமல் பணம் அனுப்பும் மனிதர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு குழந்தையின் பெயர் தெரிந்தால்தான் கொடுப்பவர் நிலைத்து நிற்கிறார் என்றால், அந்தப் பெயருக்கும் ஒரு பயன் இருக்கிறதல்லவா?

---

பழைய கணக்கர் எழுதியது:

எழில் சொல்வதையே நானும் சொல்ல நினைத்தேன். அதோடு, இந்த முறையால் பயன் விளைகிறதா என்பதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. புரூஸ் வைடிக், பால் க்ளூவே, லெய்ன் ரட்லெட்ஜ் ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்கள் 2013-இல் வெளியிட்டது அது. பொலிவியா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய 6 நாடுகளில் 10,144 பேரைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார்கள். கம்பேஷன் திட்டம் ஓர் ஊருக்குள் வரும்போது 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் விதி இருந்தது. அதனால் ஒரே வீட்டில் தம்பி சேர்ந்திருப்பான்; அண்ணன் வயது கடந்துவிட்டதால் வெளியே நின்றிருப்பான். அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு அவர்களுடைய வாழ்க்கையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

திட்டத்தில் இருந்தவர்கள் சராசரியாக 1 ஆண்டு முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். மேல்நிலைக் கல்வியை முடித்தவர்களின் பங்கு, மற்றவர்களிடம் 44.5 விழுக்காடாக இருக்க, இவர்களிடம் 12 முதல் 18 புள்ளிகள் வரை உயர்ந்திருந்தது. அலுவலகப் பணிகளில் இருந்தவர்களும் இவர்களில் கூடுதலாக இருந்தார்கள். சொந்த உடன்பிறப்புகளோடு ஒப்பிட்ட கணக்கு இது என்பதால் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் மலைப்பாதை அவர்களுக்கு நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஆய்வு ஒரே நிறுவனத்தைப் பற்றியது. அதுவும் குழந்தைக்கென்றே நேரடியாகச் செலவிடும் முறையைப் பற்றியது. வட்டாரத்திற்குப் பொதுவாகச் செலவிடும் நிறுவனங்கள் இதே எண்களைக் காட்டித் தமக்கும் இந்தப் பெருமை உண்டு என்று சொன்னால் அது பொருந்தாது.

1998-இல் வெளியான செய்திக்குப் பிறகு நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான இன்டராக்‌ஷன், ஸ்பான்சர்ஷிப் திட்டங்களுக்கெனத் தனி நெறிமுறைகளை வகுத்தது. குழந்தை இப்போது எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது நேரில் பார்க்கப்பட்டது என்பதை உறுதிசெய்யும் நடைமுறை உங்களிடம் என்ன என்று நீங்கள் கேட்டால் அவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

---

கூழாங்கல் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு இரண்டு நாட்கள் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் அந்தப் புகைப்படத்திற்குள் இருந்தவன். 6 வயது முதல் 18 வயது வரை வெளிநாட்டு ஆதரவாளரின் உதவியில் படித்தேன். எந்த நிறுவனம், எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை.

ஆண்டுக்கொரு முறை படம் எடுக்க வருவார்கள். என் எண்ணை எழுதிய சிறு பலகையைக் கையில் கொடுத்து ஒரே சுவரின் முன்னால் நிறுத்துவார்கள். முதல் ஆண்டு நான் போட்டிருந்த சட்டை பக்கத்து வீட்டுப் பையனுடையது. அம்மாதான் இரவல் வாங்கி வந்தாள். ஏழையாகத் தெரிய வேண்டும் என்று எவரும் எங்களிடம் சொல்லவில்லை. ஏழையாகத் தெரியக் கூடாது என்பதுதான் என் தாயின் கவலையாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து யார் என்ன நினைத்தார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சட்டைக்குப் பின்னால் என் அம்மாவின் மானம் இருந்தது என்பதை, முகங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

தாய் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று நீலவானம் அம்மா கேட்டிருந்தார்கள். என் அம்மா நிம்மதி அடைந்தாள். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் அவள் எவர் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்குத்தான் அது எளிதாக இல்லை. கடிதம் வரும் நாளில் பணியாளர் அதை எங்கள் வீட்டில் வந்து படித்துக் காட்டுவார். அவர் வருவது தெரிந்தால் அப்பா ஏதாவது ஒரு வேலையைச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் வளர்ந்த பிறகுதான் அதன் காரணம் எனக்குப் புரிந்தது. "உன் படிப்பைப் பற்றி நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு கடிதத்தில் ஆதரவாளர் எழுதியிருந்தார். அந்த அம்மையார் மிக நல்ல மனத்தோடு எழுதிய வரி அது. அதை என் அப்பா கேட்டுக்கொண்டு இருந்தார்.

மலைப்பாதை ஐயா தம்பி தங்கைகளைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. ஒரு குடும்பத்திற்கு ஒரு பிள்ளை என்பது எங்கள் மையத்தின் விதி. என் தம்பிக்கு இடம் கிடைக்கவில்லை. என் மையத்தில் தந்த நோட்டுகளில் பாதியை அம்மா அவனுக்குப் பிரித்துக் கொடுத்தாள். நான் மாலை வகுப்பில் படித்ததை இரவில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை வீட்டு விதியாக வைத்தாள். அவனும் படித்து முடித்தான். எல்லா வீட்டிலும் அப்படி நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது நான் எழுத வந்த செய்தியைச் சொல்கிறேன். எனக்கு 13 வயதாக இருந்தபோது, அந்த அம்மையாரிடமிருந்து கடிதம் வருவது நின்றது. சில மாதங்கள் கழித்து வேறொருவர் பெயரைச் சொல்லி, இனி இவர்தான் உன் ஆதரவாளர் என்றார்கள். என் கட்டணம் ஒரு மாதம்கூடத் தடைப்படவில்லை. திட்டத்தின் பார்வையில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் 7 ஆண்டுகளாக அவருடைய வீட்டுத் தோட்டத்தின் படங்களையும் அவருடைய நாயின் பெயரையும் அறிந்திருந்த எனக்கு, அவர் ஏன் போனார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியாக எழுதிய கடிதத்தில் நான் ஏதோ தவறாக எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கடிதத்தில் என்னென்ன எழுதினேன் என்று நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டே பல இரவுகள் படுத்திருக்கிறேன். அவர் நோயுற்றிருக்கலாம், வேலை இழந்திருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும், ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

அம்மா, நீங்கள் யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியப்போவதில்லை. நீங்கள் எப்போது, எப்படி நிறுத்துகிறீர்கள் என்பது தெரியும்.

---

எழில் எழுதியது:

கூழாங்கல் அவர்களே, இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

---

கூழாங்கல் எழுதியது:

நலமாக இருக்கிறார். என் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர் அவர்தான்.

---

கடிதமொழி எழுதியது:

நான் ஒரு நிறுவனத்திற்காக ஆதரவாளர்களின் கடிதங்களை மொழிபெயர்த்து வந்தவள். கூழாங்கல் எழுதியதைப் படித்ததும் என் கையால் கடந்துபோன கடிதங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

நீங்கள் எழுதும் கடிதம் நேரே குழந்தையிடம் போவதில்லை. முதலில் அலுவலகத்தில் ஒருவர் படிப்பார். முகவரி, தொலைபேசி எண், சமூக ஊடகக் கணக்கு போன்ற விவரங்கள் இருந்தால் நீக்கிவிடுவார். இதை அவநம்பிக்கை என்று எண்ண வேண்டாம். குழந்தையைத் தீய எண்ணத்தோடு அணுகுபவர்களும் ஆதரவாளர் என்ற பெயரில் வரக்கூடும் என்பதால் வைத்திருக்கும் காவல் அது. நேரில் சென்று பார்க்க விரும்பினாலும் முன்கூட்டியே தெரிவித்து, பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டு, பணியாளர் உடனிருக்கத்தான் பார்க்க முடியும். இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் இல்லாமல், குழந்தையின் வீட்டு முகவரியையே உங்களிடம் கொடுத்துவிடும் அமைப்பு ஏதேனும் இருந்தால் அதிலிருந்து விலகியிருங்கள்.

மொழிபெயர்ப்பில் எங்களுக்குக் கடினமாக இருந்தவை நீளமான கடிதங்கள் அல்ல. வெளிநாட்டுச் சுற்றுலா, புதிய வாகனம், பெரிய வீட்டின் படம் ஆகியவற்றைக் கொண்ட கடிதங்களை மொழிபெயர்க்கும்போதுதான் கை தயங்கும். எழுதுபவர் பெருமைக்காக எழுதவில்லை. தன் வாழ்க்கையைப் பகிர்ந்துகொள்கிறார். ஆனால் ஒரே அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் அந்தக் கடிதம் படிக்கப்படும். நான் மகிழ்ச்சியோடு மொழிபெயர்த்தவை எளிய கேள்விகள் நிறைந்த கடிதங்கள். உனக்கு எந்த விளையாட்டுப் பிடிக்கும், உன் பாட்டி கதை சொல்வார்களா, மழை பெய்தால் பள்ளிக்கு எப்படிப் போவாய், இது போன்றவை. கேள்வி இருந்தால் குழந்தைக்குப் பதில் எழுத வழி கிடைக்கும். கேள்வியே இல்லாத கடிதத்திற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் எல்லாக் குழந்தைகளும் கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே நான்கு வரிகளைப் பார்த்து எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு, இந்தக் கடிதம் குழந்தை எழுதியது போல இல்லையே என்று ஆதரவாளர்கள் வருந்துவார்கள். சிறு குழந்தையாக இருந்தால் பதில் வரப் பல மாதங்கள் ஆகும். ஒரு வண்ணப்படம் மட்டும் வந்தாலும் மனம் குறைபட வேண்டாம்.

இன்னொன்று. பிளான் இன்டர்நேஷனல் அமைப்பு தொடக்கத்தில் கொடுப்பவர்களை "வளர்ப்புப் பெற்றோர்" என்றே அழைத்தது. நிறுவனத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. பிற்காலத்தில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அது சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன். அந்தக் குழந்தையை வளர்ப்பவர்கள் வேறு, நாம் துணைநிற்பவர்கள். "என் மகளே" என்று தொடங்கும் கடிதங்களை மொழிபெயர்க்கும்போது, அருகில் உட்கார்ந்து கேட்கப்போகும் தாயை நினைத்து எனக்குச் சங்கடமாக இருக்கும்.

---

மலைப்பாதை எழுதியது:

கூழாங்கல் அவர்களின் பதிவை மூன்று முறை படித்தேன். நான் எழுதிய வாதங்களில் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு உதவினால் மற்ற பிள்ளைகள் ஒதுக்கப்படுவார்கள் என்று நான் எழுதியபோது, தாய் வெறும் பார்வையாளராக இருப்பாள் என்ற எண்ணம் என்னையறியாமல் அதில் இருந்தது. நோட்டைப் பிரித்துக் கொடுத்து, படித்ததைத் தம்பிக்குச் சொல்லிக்கொடு என்று விதி வகுத்த அந்தத் தாயை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

என் அடிப்படைக் கருத்தில் மாற்றமில்லை. மெக்சிகோவில் 1997-இல் தொடங்கப்பட்ட ப்ரோகிரேசா திட்டத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்களின் தாய்மாரிடமே அரசு பணத்தைக் கொடுத்தது. பள்ளிச் சேர்க்கை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் மேற்படிப்பு, உயர்ந்தது. எந்தத் தந்தையும் எவருடைய கடிதத்திற்கும் பயந்து வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. உதவி அப்படித்தான் வந்து சேர வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட அரசுத் திட்டம் இல்லாத இடத்தில் இன்று 5 வயதாகும் குழந்தை, நம் விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது என்பதையும் ஏற்கிறேன். நீலவானம் அவர்கள் உதவ முடிவு செய்தால், நான் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

---

நீலவானம் எழுதியது:

எல்லாப் பதிவுகளையும் என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். கூழாங்கல் தம்பியின் பதிவில் அவர் தந்தை வெளியே சென்ற இடம் வந்ததும் என் கணவர் சற்று நேரம் பேசவில்லை.

இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. எங்கள் இருவருக்கும் வயதாகிறது. 12 ஆண்டுகள் தொடர முடியாமல் போனால் என்ன செய்வது? மத நிறுவனம் நடத்தும் திட்டத்தில் சேர்ந்தால், உதவியை முன்வைத்துக் குழந்தையின் குடும்பத்தினரின் நம்பிக்கையில் தலையிடுவது போல் ஆகாதா? குழந்தையின் குடும்பமே திட்டத்தை விட்டுப் போய்விட்டால் நமக்குத் தெரிவிப்பார்களா?

---

பழைய கணக்கர் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். குடும்பம் வேலை தேடி இடம் பெயரும், சிறுவன் படிப்பை நிறுத்துவான், சில நேரங்களில் குடும்பத்தின் நிலை உயர்ந்து உதவி தேவையில்லாமலும் போகும். முறையான நிறுவனம் காரணத்தைத் தெரிவித்துவிட்டு, வேறொரு குழந்தையை ஏற்க விருப்பமா என்று கேட்கும். நம் விடையைக் கேட்காமலேயே வேறொரு குழந்தையை இணைத்துவிடும் வழக்கம் இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள்.

திட்டமே மூடப்படுவதும் உண்டு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் முன் அனுமதி பெற வேண்டும் என்று இந்திய அரசு 2016-இல் விதித்ததைத் தொடர்ந்து, கம்பேஷன் இன்டர்நேஷனல் 2017 மார்ச்சில் இந்தியாவில் தன் பணியை நிறுத்தியது. ஏறத்தாழ 1,45,000 குழந்தைகளுக்கும் அவர்களுடைய ஆதரவாளர்களுக்கும் இடையிலிருந்த தொடர்பு அதோடு முடிந்தது. அரசின் நிலைப்பாட்டையோ நிறுவனத்தின் நிலைப்பாட்டையோ இங்கே விவாதிக்க நான் விரும்பவில்லை; உங்கள் கையிலும் குழந்தையின் கையிலும் இல்லாத காரணத்தால் இது முடியக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மதம் பற்றிய கேள்விக்கு, நிறுவனத்தின் கொள்கையை வெளிப்படையாகப் படித்துப் பாருங்கள் என்பதே என் பதில். சிலவற்றில் சமயக் கல்வி திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. சிலவற்றுக்கு எந்தச் சமயத் தொடர்பும் கிடையாது. உங்கள் மனம் ஒப்பாத ஒன்றுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிக்கொண்டிருந்தால் அது வெகுநாள் நீடிக்காது.

---

கூழாங்கல் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா? நிறுத்த வேண்டிய நிலை வந்தால் நிறுத்துங்கள். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். ஆனால் நிறுத்துவதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு வயதாகிவிட்டது, இனி அனுப்ப இயலவில்லை, உன்மேல் எந்தக் குறையும் இல்லை, உன் கடிதங்களை எல்லாம் வைத்திருக்கிறேன் என்று எழுதுங்கள். அது குழந்தையிடம் கட்டாயம் படித்துக் காட்டப்பட வேண்டும் என்று நிறுவனத்திடமும் கேளுங்கள்.

உங்கள் மகளிடமும் இதைப் பற்றி இப்போதே பேசி வையுங்கள் அம்மா. உங்களால் எழுத முடியாமல் போனால் அவர் எழுதட்டும்.

---

நீலவானம் எழுதியது:

முடிவு செய்துவிட்டோம். மூன்று நிறுவனங்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பியதில், ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் அனுப்பியது. அது வட்டாரத்திற்குப் பொதுவாகச் செலவிடும் முறையைக் கொண்டது. ஒரு பிள்ளையை மட்டும் தனியே பிரிக்காது என்பதால் எங்களுக்கும் அதுவே மனத்திற்கு ஒப்பியது. பட்டியலை நான் மீண்டும் திறக்கவில்லை. மிக நீண்ட காலமாக ஆதரவாளர் கிடைக்காமல் காத்திருக்கும் குழந்தையை நீங்களே இணைத்துவிடுங்கள் என்று எழுதினேன். வேர்ல்டு விஷன் 2019-இல் ஆதரவாளர்களின் படங்களைக் குழந்தைகளின் முன் வைத்து, அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறையைத் தொடங்கியது என்பதையும் இதற்கிடையே படித்து அறிந்தேன். எங்கள் நிறுவனத்தில் அந்த வழக்கம் இல்லை. இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

9 வயதுச் சிறுவன் ஒருவனை இணைத்திருக்கிறார்கள். வயது கூடிய ஆண் பிள்ளைகளுக்குத்தான் ஆதரவாளர் கிடைப்பது கடினம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அன்று நான் பார்த்த சிறுமியின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அவளுக்கு வேறொருவர் கிடைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

என் மகள் விவரங்களை எல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டாள். முதல் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடிதமொழி அவர்களிடம் ஒரே ஒரு சந்தேகம்: சிறுவனுக்கு எழுதும் கடிதத்திலேயே அவனுடைய பெற்றோருக்கும் இரண்டு வரிகள் எழுதலாமா? அதற்கு அனுமதி உண்டா?

---

கடிதமொழி எழுதியது:

தாராளமாக எழுதலாம். அவர்களுக்கான வரிகளை முதலில் எழுதுங்கள். கடிதத்தைப் படித்துக் காட்டுபவர் மேலிருந்து தொடங்குவார். அவனுடைய தந்தை அந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பார்.